மார்க் இல்லாத பத்தாவது கேள்வி

மார்டள்ளிப் பக்கமிருந்து எங்களிடம் வருகிறவர்களில் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் அபூர்வம். தலைபாரம் என்பார்கள். உள்ளங்கால் எரிகிறது, பிடரி இழுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி மூன்று மணிக்கு மேல் தூக்கமில்லை என்பார்கள். மடியில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் கொள்ளேகால், மைசூர், ஈரோடு என்று மூன்று ஊர் டாக்டர் சீட்டு, சுருட்டிய எக்ஸ்ரே, பாதி தின்ற மாத்திரை அட்டைகள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கும். “ஒண்ணுமில்லைன்னுட்டாங்க சிஸ்டர். ஆனா எனக்கு முடியலீங்களே.”

நான் நர்ஸும் இல்லை, கன்னியாஸ்திரீயும் இல்லை. மனநல சமூகப் பணியாளர். மைசூரில் எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி என்றால் காமகெரேயில் கன்னியர் நடத்தும் ஹோலி கிராஸ் ஆஸ்பத்திரிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அதனால் மேசைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிற பெண் யாரானாலும் சிஸ்டர்தான். திருத்தித் திருத்தி அலுத்து விட்டுவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். மார்டள்ளி மைசூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், ஹனூர் தாண்டி மாதேஸ்வர மலைப் பக்கம் இருக்கிறது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இது மைசூர் மாவட்டம். அதற்கும் முன்னால், 1956 வரை, கொள்ளேகால் தாலுகாவே சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக் கோடு நகர்ந்ததே தவிர ஆட்கள் நகரவில்லை. மார்டள்ளியிலும் சந்தனபாளையத்திலும் ஞாயிற்றுக்கிழமை பூசை தமிழில்தான். தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு எல்லாம் கன்னடம். சோளமும் ராகியும் மழையை நம்பி. மழை ஏமாற்றினால் கல் குவாரி, திருப்பூர் பனியன் கம்பெனி, பெங்களூர் கட்டட வேலை. பல வீடுகளில் கிழவர்களும் பேரப்பிள்ளைகளும்தான் இருப்பார்கள்.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் 1996 முதல் இருக்கிறது. அதற்கு முன்மாதிரியாக இருந்தது கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூர் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் எண்பதுகளில் நடத்திக் காட்டிய முயற்சி. 2014-இல் கர்நாடக அரசு மனோசைதன்யா என்ற பெயரில் தாலுகா ஆஸ்பத்திரிகளில் செவ்வாய்க்கிழமை மனநல கிளினிக் தொடங்கியது. மனநல டாக்டர் ஊருக்கு வருகிறார் என்பதே பெரிய மாற்றம். ஆனால் டாக்டருக்கு ஒருவரோடு கிடைப்பது சில நிமிடம். அதற்கு முன் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டு எழுதி உள்ளே அனுப்புவது என் போன்றோர் வேலை. இந்தக் கட்டுரையில் வருகிறவர்களின் வயது, ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யாரும் யாரையும் தேட வேண்டாம்.

மனச்சோர்வை அளக்க எங்கள் கையில் இருப்பது ஒரு பக்கத் தாள். பி.ஹெச்.க்யூ-9 என்று பெயர். ராபர்ட் ஸ்பிட்சர், கர்ட் குரோன்கே, ஜேனட் வில்லியம்ஸ் ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கியது. அது எவ்வளவு நம்பகமானது என்று சோதித்த கட்டுரை 2001-இல் வந்தது. அதற்கு முன்பும் அளவைகள் உண்டு. 1960-இல் மேக்ஸ் ஹாமில்டன் செய்தது டாக்டர் பார்த்து மார்க் போடுவது. 1961-இல் ஆரோன் பெக் செய்தது நோயாளியே படித்து நிரப்புவது. இந்தத் தாள் அவற்றைவிடச் சின்னது, இலவசம், தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி: எதிலும் நாட்டமில்லாமை, மனத்தாழ்வு, தூக்கம், அசதி, பசி, தன்மேல் வெறுப்பு, கவனம் நிற்காமை, அசைவும் பேச்சும் மந்தமாவது அல்லது இருப்புக் கொள்ளாமல் தவிப்பது, சாவைப் பற்றிய எண்ணம். இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3. மொத்தம் 27. பத்தைத் தொட்டால் விசாரிக்க வேண்டும். இருபதைத் தொட்டால் கடுமை.

ஒன்பதுக்கும் கீழே பத்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. மேலே சொன்ன தொல்லைகளால் உங்கள் வேலை, வீட்டுப் பாடு, மற்றவர்களோடு பழகுவது எவ்வளவு சிரமமாகியிருக்கிறது என்று. அதற்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாததால் அவசரத்தில் பலர் அதைக் கேட்பதே இல்லை. நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

ஏன் என்று சொல்கிறேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. உள்ளங்கால் எரிச்சல் என்று வந்தவர். சர்க்கரை பார்த்தாயிற்று, இல்லை. எங்கள் அறைக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று என்னோடு இருந்த பயிற்சி மாணவி தாளை எடுத்து வரிசையாகப் படித்தாள். மனசு சோர்வா இருக்கா? “அதெல்லாம் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்.” எதுலயாவது ஆர்வம் குறைஞ்சிருக்கா? அவர் சிரித்தார். “எங்களுக்கு ஏது கண்ணு ஆர்வம் கீர்வமெல்லாம்.” தூக்கம், அசதி இரண்டுக்கும் மட்டும் மூன்று மூன்று போட்டாள். மொத்தம் 6. நோய் என்று சொல்ல முடியாத மார்க்.

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். ஆடு மாடு, கோழி?

“கோழி இருந்துச்சு சிஸ்டர். வித்துட்டேன்.”

“எப்பங்க வித்தீங்க?”

“மாதா திருவிழா கழிஞ்சு.”

செப்டம்பர் 8. அப்போது டிசம்பர். எதற்கு விற்றார், பணத்துக்கா?

“பணத்துக்கு இல்லீங்க. காலையில கூட்டைத் தொறந்து விடணும்ல. எந்திரிக்க முடியலை. அதுங்க உள்ள கத்தும். நான் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் வந்து தொறந்து விடும். ஒரு நாள் அதுவும் வரலை. வெயில் ஏறுற வரைக்கும் கத்துச்சுங்க. நான் எந்திரிக்கலை.”

அப்புறம்தான் மற்றவை வந்தன. தலை சீவி எத்தனை நாளாயிற்று, சோறு எந்த ருசியில் இருக்கிறது, திருப்பூரிலிருக்கும் மகன் போன் பண்ணினால் எடுப்பதுண்டா. எடுப்பதில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவனுக்கும் பாரமாக இருக்கிறோம். டி.வி.யில் சீரியல் ஓடும், கதை மனதில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்க் கடைசியில் தூணோரம் நின்றுவிட்டு வருவார். இப்போது அதுவும் இல்லை. அதே ஒன்பது கேள்வியை அவர் வாயால் சொன்ன சங்கதிகளோடு சேர்த்துத் திரும்பக் கேட்டோம். 19 வந்தது.

கேள்வி மாறவில்லை, ஆளும் மாறவில்லை. கஷ்டத்தை வெளியே சொல்லி அழுகிற பழக்கமில்லாத ஜனத்திடம் ‘சோகமா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். ‘முன்னெல்லாம் செய்துகொண்டிருந்து இப்போது நின்றுபோனது எது?’ என்று கேட்டால் மறைக்கத் தோன்றாது. மனச்சோர்வை நோயாகப் பிரித்துக் காட்டுவது கண்ணீரின் அளவு அல்ல. எத்தனை நாளாக, நாளில் எவ்வளவு நேரம், எந்த வேலையெல்லாம் நின்றது என்பவைதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022 ஜனவரி முதல் நடைமுறையிலிருக்கும் ஐ.சி.டி.-11, இதையே கணக்காகச் சொல்கிறது: பத்து அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, அவற்றில் ஒன்று மனத்தாழ்வாகவோ நாட்டமின்மையாகவோ இருக்க வேண்டும், பெரும்பாலான நாளில், நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரம், வாழ்க்கை நடப்பு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்த அம்மாவின் மாமியார் வெளியே உட்கார்ந்திருந்தார். தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். வீட்டாரைக் கேட்காமல் எழுதும் கதை அரைக் கதை. “சாயந்திரம் ஆனா நல்லாத்தாம்மா பேசுறா. காலையில எந்திரிக்கச் சொன்னா மட்டும் இவளுக்கு வந்துரும். வேலைக்கு டிமிக்கி” என்றார். மருமகளை மாட்டிவிடுவதற்காகச் சொன்னதுதான். ஆனால் விடியற்காலையில் விழிப்பு தட்டி, காலையில் மனசும் உடம்பும் மிக மோசமாக இருந்து, பொழுது சாயச் சாயச் சற்றுத் தெளிவது ஒருவகைக் கடும் மனச்சோர்வின் பாடப்புத்தக அடையாளம். மாமியார் புகாராகக் கொடுத்ததை டாக்டர் சான்றாக எடுத்துக்கொண்டார். மாமியாரிடமும் அதை விளக்கினோம். முழுசாக நம்பினாரா என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு டிமிக்கி என்று சொல்லவில்லை.

மார்க்கை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. தெர்மாமீட்டர் காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், மலேரியாவா டைபாய்டா என்று சொல்லாது. தாளும் அப்படித்தான். 19 வந்த பிறகுதான் பரிசோதனை தொடங்குகிறது. தைராய்டு குறைந்தால் இதே அசதி, இதே மந்தம், இதே தூக்கக் கோளாறு வரும். எங்கள் பக்கப் பெண்களிடம் ரத்தசோகை சாதாரணம். சிலருக்கு பி-12 குறைவு. மூட்டுவலிக்கு யாரோ போட்ட ஊசி, யாரோ கொடுத்த பெயர் தெரியாத மாத்திரை, அதில் ஸ்டீராய்டு இருந்தால் அது மனசையும் ஆட்டும். தூக்கத்துக்கென்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்கள் என்றால் சாராயக் கணக்கு. குடியால் சோர்வா, சோர்வால் குடியா என்று பிரிப்பது தனி வித்தை. குழந்தை பெற்று ஒரு வருஷத்துக்குள் இருக்கும் பெண் என்றால் எடின்பரோ அளவை என்று பத்துக் கேள்வித் தாள் வேறு உண்டு, 1987-இல் வந்தது. ஏனென்றால் பச்சைப் பிள்ளைக்காரியிடம் தூக்கம் போச்சா, அசதியா என்று கேட்டு மார்க் போட்டால் எல்லாருக்குமே நோய் வந்துவிடும்.

இன்னொரு கேள்வி தாளிலேயே இல்லை. ஆனால் அதைக் கேட்காமல் மாத்திரை எழுதும் மனநல டாக்டரை நான் பார்த்ததில்லை. ஒரு பையன், இருபத்துச் சொச்சம் வயது, திருப்பூரில் கட்டிங் மாஸ்டருக்குக் கைவேலை செய்தவன். ஊருக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். மார்க் 21. சந்தேகமில்லாத மனச்சோர்வு. டாக்டர் அவன் அம்மாவைப் பார்த்து, “இதுக்கு நேர் எதிரா எப்பவாவது இருந்திருக்கானாம்மா?” என்று கேட்டார். அம்மா முகம் மலர்ந்தது. “போன கோடையில ராஜா மாதிரி இருந்தானுங்க. ராத்திரி ரெண்டு மணி நேரம் தூங்குவான், களைப்பே இல்லை. சொந்தமா கம்பெனி போடறேன்னான். தவணையில ரெண்டு போன் வாங்கி ஒண்ணைக் கூட்டாளிக்குக் குடுத்துட்டான்.” தாய் பெருமையாகச் சொன்ன அந்த நாட்கள்தான் நோயின் மறுபாதி. இது இருதுருவ நோய். வெறும் மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்தால் சிலருக்குத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்துவிடும். லித்தியம், வால்ப்ரோயேட் போன்ற வேறு வகை மருந்துகள் வேண்டும். படுத்துக் கிடப்பவனைப் படுத்துக் கிடப்பதை மட்டும் பார்த்து அளந்தால் இது தெரியவே தெரியாது.

தாளின் ஆறாவது கேள்வி தன்மேலேயே வரும் வெறுப்பையும் குற்ற உணர்வையும் பற்றியது. எங்கள் ஊர்க் கத்தோலிக்கருக்கு ‘நான் பாவி’ என்பது தினப்படி ஜெபத்தில் வரும் சொல். அதை நோயாக எழுதினால் பங்கு முழுவதையும் வார்டில் சேர்க்க வேண்டியிருக்கும். நான் வேறு விதமாக விசாரிப்பேன். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தால் லேசாக இருக்கிறதா? சாதாரணமாக மனம் உறுத்துகிறவர் ‘ஆமாங்க, பாரம் இறங்கின மாதிரி இருக்கும்’ என்பார். நோய்வாய்ப்பட்டவருக்கு இறங்காது. பத்து வயதில் எடுத்த நாலணாவை வாராவாரம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைத் தெரியும். அவரை எங்களிடம் அனுப்பியது பங்குச் சாமியாரேதான். ‘மன்னிப்புக் கொடுத்தாச்சு, வாங்கிக்கத்தான் அவரால முடியலை’ என்று சொல்லி அனுப்பினார். அதைவிடச் சுருக்கமான பரிந்துரைக் கடிதம் எனக்கு வந்ததில்லை. ஜெபத்துக்கும் மாத்திரைக்கும் சண்டை என்று வெளியே இருந்து பேசுகிறவர்கள் நினைக்கிறார்கள். மாதேஸ்வர மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வாருங்கள், நவநாள் ஜெபத்துக்குப் போங்கள், மாத்திரையையும் விடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். இதுவரை எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு என்பதைப் பிரிப்பதுதான் கடினம். 2018 டிசம்பர் 14-ஆம் தேதி சுள்வாடி மாரம்மன் கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதம் சாப்பிட்டுப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மைசூர் ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். பிதரள்ளி போன்ற பக்கத்துக் கிராமங்களில் ஒரே தெருவில் பல சாவு. அந்த வீடுகளைப் பற்றிக் கதை எழுத எனக்கு உரிமை இல்லை. பொதுவாகச் சொல்கிறேன். துக்கம் அலையாக வரும். செத்தவரின் செருப்பைக் கண்டால் வரும், பண்டிகை நாளில் வரும். இடையில் பேரன் ஏதாவது குறும்பு செய்தால் சிரிப்பும் வரும். நோய் அலை அல்ல, தேங்கிய தண்ணீர். பேரன் மடியில் ஏறினாலும் ஒன்றும் அசையாது. துக்கப்படுகிறவர் ‘அவர் போய்ட்டாரே’ என்பார். நோயில் விழுந்தவர் ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்பார். இழவு விழுந்த வீட்டில் இரண்டு வாரக் கணக்கைக் கறாராகப் பிடிக்கக் கூடாது. ஆனால் மாதங்கள் கடந்தும் குளிக்காமல், உண்ணாமல், தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு கிடந்தால் ‘துக்கம்தானே, ஆறிடும்’ என்று விடவும் கூடாது.

ஒன்பதாவது கேள்விக்கு வருகிறேன். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்பது. புதிதாக வரும் பயிற்சி மாணவர்கள் இந்த இடத்தில் குரல் தாழ்த்துவார்கள், அல்லது ‘அப்படியெல்லாம் தோணாதுல்ல?’ என்று பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. நேராகக் கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. சுமந்துகொண்டிருந்ததைச் சொல்ல ஆள் கிடைத்தது என்று பலர் பெருமூச்சு விட்டுப் பார்த்திருக்கிறேன். எண்ணம் மட்டுமா, எப்படி என்று யோசித்ததுண்டா, இதற்கு முன் முயன்றதுண்டா, உங்களைத் தடுத்து நிறுத்துவது எது, வீட்டில் யார் கூட இருக்கிறார்கள் என்று படிப்படியாகக் கேட்போம். கேட்டதை அப்படியே டாக்டரிடம் சொல்வேன். அன்று அந்த நபர் தனியாக பஸ் ஏற மாட்டார்.

இந்தப் பக்கத்தில் உண்மையைச் சொல்லவிடாமல் தடுப்பது வெட்கத்தைவிட போலீஸ் பயம். வீரப்பனைத் தேடி இரண்டு மாநில அதிரடிப்படையும் இந்தக் காடுகளில் திரிந்த காலத்தை நடுவயதுக்காரர்கள் மறக்கவில்லை. 2004 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் காக்கியைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். ‘கேஸ் ஆயிடுமா சிஸ்டர்?’ என்பதுதான் முதல் கேள்வி. ஆகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. இதைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்ட வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் கேட்டாயிற்று.

வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்றும் கேட்போம். மனநலக்காரிக்கு இது எதற்கு என்று முழிப்பார்கள். விவசாய வீட்டில், சாகத் தோன்றும் அந்த நிமிடம் தாண்டிவிட்டால் உயிர் தப்பும். கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் தாண்டுவது கடினம். இலங்கை 1995-லிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. விளைச்சல் குறையவில்லை. நம் பக்கம் டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பெட்டகத்தில் பூட்டி வைத்துப் பார்த்தது. ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள், பலனும் தெரிந்தது. மார்டள்ளிப் பக்கம் பொதுப் பெட்டகம் இல்லை. சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தெளிக்கிற நாளில் மட்டும் வாங்கி வரச் சொல்கிறோம்.

மாத்திரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளூவாக்ஸெட்டின், எஸிடாலோப்ராம் போன்றவை தூக்க மாத்திரை அல்ல, பழக்கத்துக்கு அடிமையாக்குபவையும் அல்ல. ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் வாரம் குமட்டல் இருக்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். குமட்டல் முதலில் வந்து குணம் பின்னால் வருவதால் பாதிப்பேர் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். மாத்திரையோடு, நின்றுபோன வேலைகளைச் சின்னச் சின்னதாகத் திரும்பத் தொடங்க வைப்பதும் ஒரு சிகிச்சை. அதற்குப் பட்டம் பெற்றவர் தேவையில்லை. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அதைச் செய்து காட்டினார்கள். 2017-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. நம் ஆஷா பணியாளர்கள் இதைத் தாராளமாகச் செய்வார்கள். அவர்கள் தலையில் ஏற்கெனவே ஏற்றியிருக்கும் ரெஜிஸ்டர்களைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

உள்ளங்கால் எரிந்த அம்மா மாசாமாசம் வந்தார். மார்ச் மாதத் தாளில் 7. கோழி வாங்கினீர்களா என்று கேட்டேன். “கோழி வேண்டாம் சிஸ்டர், நாய் புடிச்சுட்டுப் போயிருது. ஆடு வாங்கலாம்னு பணம் கேட்டிருக்கேன், மகன்கிட்ட” என்றார். போனை எடுத்துப் பேசியிருக்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு நோயில் விழுகிறார் என்றது. அவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. 12 மாநிலங்களில் எடுத்த கணக்கு. தமிழ்நாடு உண்டு. கணக்கெடுத்த நிறுவனம் இருக்கும் கர்நாடகம் அந்தப் பன்னிரண்டில் இல்லை, கோலாரில் முன்னோட்டம் பார்த்ததோடு சரி. இரண்டு மாநில எல்லையில் இருக்கும் எங்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

உங்கள் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாட வேலையை விட்டுவிட்டு ஒதுங்கிக் கிடந்தால், ஏன் சோகம் என்று கேட்காதீர்கள், எது நின்றுபோனது என்று பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனஸ், எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் போனுக்குக் காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கிளினிக்குக்கு வருவதானால் இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்கியதையும் சேர்த்து, எடுத்து வாருங்கள். நோயாளியைத் தனியாக அனுப்பாதீர்கள். அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவர் கூடவே வர வேண்டும்.